எல்ஜிஜி பொடி: குடலில் குடியேறுமா, கடந்து போகும்போதே வேலை செய்யுமா?

மலர்க்கொடி:

என் ஆறு வயது மகனுக்குக் காதில் தொற்று. குழந்தை மருத்துவர் அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த சிரப்பை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு பொடிப் பாக்கெட்டும். "வயிற்றுப்போக்கு வராமல் இருக்க" என்றார். அதற்கு மேல் கேட்பதற்குள் அடுத்த குழந்தை அழுதுகொண்டே உள்ளே வந்துவிட்டது. வீட்டில் வந்து படித்துப் பார்த்தால், 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி, 500 கோடி' என்று அச்சிட்டிருக்கிறது.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தையும் உயிருள்ள பாக்டீரியாவையும் ஒரே வயிற்றுக்குள் அனுப்புவதில் என்ன பொருள்? இந்த நுண்ணுயிர் குடலில் குடியேறிவிடுமா, அல்லது தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் மாமனார் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொள்கிறார். மார்பில் ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றும் போர்ட் என்ற குழாயைப் பொருத்தியிருக்கிறார்கள். பேரனுக்குக் கரைப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒன்று கரைத்துக் கொடு அம்மா, எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்களே" என்று கேட்கிறார். கொடுக்கலாமா?

நுண்ணோக்கி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: மாமனாருக்குக் கொடுக்காதீர்கள். அவருடைய புற்றுநோய் மருத்துவர் பாக்கெட்டைப் பார்த்துச் சம்மதிக்கும்வரை வேண்டாம். காரணத்தைப் பிறகு விரிவாக எழுதுகிறேன், அல்லது டாக்டர் யாராவது எழுதுவார்.

இனி பொடிக்கு வருவோம். பாக்கெட்டில் உள்ள 'ஜிஜி' என்ற இரண்டு எழுத்துகளைக் கவனித்தீர்களே, அதற்கே பாதி மதிப்பெண் கொடுக்கலாம். பலர் 'லாக்டோபேசில்லஸ்' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெர்வுட் கோர்பாக், பேரி கோல்டின் இருவரும் 1983-ல் ஆரோக்கியமான ஒருவரின் குடலிலிருந்து பிரித்தெடுத்த திரிபு, அதாவது ஒரே சிற்றினத்துக்குள் ஒரு தனி வகை, இது. அவர்களுடைய குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளே ஜிஜி. முழுப் பெயரைச் சுருக்கி எல்ஜிஜி என்பார்கள். அவர்கள் தேடிய தகுதிகள் தெளிவானவை: இரைப்பை அமிலத்தில் சாகக் கூடாது, பித்தநீரில் கரையக் கூடாது, குடல் சுவரின் செல்களைப் பற்றிக்கொள்ள வேண்டும். தயிர் செய்யப் பயன்படும் வழக்கமான பாக்டீரியாக்கள் இந்தத் தேர்வில் பெரும்பாலும் தோற்றுவிடும்.

2020-ல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை மரபணு அடிப்படையில் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் புதிய பாக்கெட்டுகளில் இதே பாக்டீரியா 'லாக்டிகேசிபேசில்லஸ்' என்று வரும். வேறு பொருளோ என்று குழம்ப வேண்டாம். பின்னால் ஜிஜி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

குடியேறுமா என்றால், இல்லை. சாப்பிடும் நாள்களில் மலத்தில் அது உயிரோடு கிடைக்கும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் மறைந்துவிடும். சிலருக்கு மலத்தில் மறைந்த பிறகும் பெருங்குடல் திசு மாதிரியில் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்ததை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அது நிரந்தரக் குடித்தனம் அல்ல. நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் ஒரு மதிப்பீடு வந்தது, பெரும்பங்கு பெருங்குடலில். அந்தக் கூட்டத்தில் உங்கள் 500 கோடி எத்தனை சிறிய பங்கு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

சந்தேகப்பேர்வழி:

நுண்ணோக்கி ஐயா, தங்காது என்றும் சொல்கிறீர்கள், எண்ணிக்கையில் ஒன்றுமில்லை என்றும் சொல்கிறீர்கள். பிறகு எதற்காக வாங்க வேண்டும்? விற்பவர்களுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது: தங்காததால் தினமும் வாங்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாததால் யாரும் புகார் செய்ய முடியாது.

2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வை இங்கே யாரும் சொல்லவில்லையே. அமெரிக்காவில் பத்து அவசர சிகிச்சைப் பிரிவுகளில், வயிற்றுப்போக்கோடு வந்த 971 குழந்தைகள். பாதிப் பேருக்கு இதே எல்ஜிஜி, நாளுக்கு இருமுறை ஆயிரம் கோடி வீதம் ஐந்து நாள். மீதிப் பேருக்குப் பாக்டீரியா இல்லாத போலிப் பொடி. மிதமான அல்லது கடுமையான நோய் எல்ஜிஜி எடுத்தவர்களில் 11.8 சதவீதம், போலிப் பொடி எடுத்தவர்களில் 12.6 சதவீதம். வேறுபாடு இல்லை என்றுதான் பொருள். அதே இதழில், அதே நேரத்தில், கனடாவில் வேறு ராம்னோசஸ் திரிபு கலந்த பொடியை வைத்துச் செய்த ஆய்வும் கையை விரித்துவிட்டது.

வெள்ளைக்கோட்டு:

குழந்தை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் இடையில் நுழைகிறேன். சந்தேகப்பேர்வழி சொன்ன எண்கள் சரி. அந்த ஆய்வுக்குப் பிறகு, வைரஸால் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு நான் எல்ஜிஜி எழுதுவதில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் வேண்டிய இடத்தில் ஒரு பொடியை நம்பிப் பெற்றோர் நேரத்தைக் கடத்துவதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஆனால் மலர்க்கொடி கேட்பது அந்த நோயைப் பற்றி அல்ல. அவர் மகனுக்கு வயிற்றுப்போக்கு இன்னும் வரவில்லை. ஆன்டிபயாடிக்கால் வரக்கூடிய வயிற்றுப்போக்கைத் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. வந்த நோயைக் குணப்படுத்துவதும் வரவிருக்கும் நோயைத் தடுப்பதும் வேறு வேறு. இந்தத் தடுப்பு விஷயத்தில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2019-ல் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, 6,352 குழந்தைகள். புரோபயாடிக் (நன்மைக்காக உட்கொள்ளும் உயிருள்ள நுண்ணுயிர்) எடுத்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. அதாவது ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு தவிர்கிறது. மற்ற எட்டுப் பேருக்கு அது வந்தாலும் வராவிட்டாலும் பொடியால் மாற்றமில்லை. நாளுக்கு 500 கோடியோ அதற்கு மேலோ கொடுத்த ஆய்வுகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஐரோப்பியக் குழந்தைக் குடல்நோய் வல்லுநர் சங்கமும் இந்தத் தேவைக்கு இரண்டைத்தான் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கிறது: ஒன்று எல்ஜிஜி, மற்றொன்று சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட்.

சந்தேகப்பேர்வழி:

சிறு சிறு ஆய்வுகளைக் கூட்டினால் பெரிய உண்மை வந்துவிடாது, டாக்டர். பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது: 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆன்டிபயாடிக் எடுத்த 65 வயதுக்கு மேற்பட்ட உள்நோயாளிகள் 2,981 பேர். புரோபயாடிக் கொடுத்தவர்களில் 10.8 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கு. கொடுக்காதவர்களில் 10.4. கொடுத்தவர்களுக்குத்தான் ஒரு முடி அளவு கூடுதல்!

வெள்ளைக்கோட்டு:

அந்த ஆய்வை நானும் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. ஆனால் அதில் கொடுத்தது எல்ஜிஜி அல்ல. வேறு லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் திரிபுகளின் கலவை. வயதும் வேறு, நோயாளிகளின் நிலையும் வேறு. அது பொய்த்ததால் இது பொய் என்றால், இது பலித்தால் அதுவும் பலிக்க வேண்டும் என்று விளம்பரக்காரர் சொல்வதையும் நாம் ஏற்க வேண்டியிருக்கும்.

சிறு ஆய்வுகள் என்ற குறையை மறுக்கவில்லை. பாதியில் விலகிய குழந்தைகள் நிறையப் பேர். அவர்களைப் புரோபயாடிக்குக்குப் பாதகமாகவே கணக்கிட்டாலும் பலன் சுருங்குகிறதே தவிர மறைந்துவிடுவதில்லை. என் நிலை இதுதான்: கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் குற்றமில்லை. கொடுக்காத பெற்றோரை நான் கடிந்துகொள்ள மாட்டேன்.

கார்த்திகைப்பூ:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, குடித்தால் வயிறு உப்பிவிடும். இந்த எல்ஜிஜி எடுத்தால் சரியாகுமா? இன்னொன்று, ராம்னோசஸ் மனப்பதற்றத்தைக் குறைக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது உண்மையா?

நுண்ணோக்கி:

பால் விஷயத்தில் எல்ஜிஜி உங்களுக்கு உதவாது. வேடிக்கை என்னவென்றால், பெயரிலேயே பாலை வைத்துக்கொண்டிருக்கும் இந்தத் திரிபால் பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க முடியாது. அதற்கான மரபணுக்கள் பழுதுபட்டவை. உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியவை உயிருள்ள தயிர் பாக்டீரியாக்கள்: பல்காரிகஸ், தெர்மோஃபிலஸ் என்ற இரண்டும். அவை குடலில் தங்குவதேயில்லை. ஆனால் சிறுகுடலைக் கடக்கும்போது அவற்றின் நொதி, கூடவே வரும் லாக்டோஸை உடைத்துவிடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் இந்த ஒரு கூற்றை ஏற்றுக்கொண்டது, கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மற்ற எத்தனையோ புரோபயாடிக் கூற்றுகளை அது நிராகரித்தது. சந்தேகப்பேர்வழிக்கும் இதுவே என் முதல் பதில்: தங்காமலே வேலை செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

மனப்பதற்றம் பற்றியது எலிகளின் கதை. 2011-ல் ஜேபி-1 என்ற ராம்னோசஸ் திரிபைக் கொடுத்த எலிகளிடம் பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டியதும் அந்த விளைவு மறைந்தது. குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் வழியைக் காட்டிய அழகான ஆய்வு அது. பிறகு அதே திரிபை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மன அழுத்தத்திலும் நினைவாற்றலிலும் போலி மாத்திரையைவிட எந்த வேறுபாடும் இல்லை. காணொளிகள் எலியோடு நின்றுவிடுகின்றன. தவிரவும் ஜேபி-1 வேறு, ஜிஜி வேறு.

சந்தேகப்பேர்வழி:

தயிர் பாக்டீரியாவின் நொதி வேலை செய்வதை ஏற்கிறேன். லாக்டோஸ் செரிக்காவிட்டால் மூச்சில் ஹைட்ரஜன் கூடும், அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். எல்ஜிஜி உள்ளே என்ன செய்கிறது என்பதை அதே தெளிவோடு சொல்லுங்கள். 'குடலைச் சமநிலைப்படுத்துகிறது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்தச் சொற்றொடரைக் கேட்டாலே எனக்கு வயிறு சமநிலை இழக்கிறது.

நுண்ணோக்கி:

சிரித்துவிட்டேன். நியாயமான கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2009-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் எல்ஜிஜியின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்தார்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட எல்சி705 என்ற இன்னொரு ராம்னோசஸ் திரிபையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே சிற்றினம். ஆனால் எல்ஜிஜியில் மட்டும் ஸ்பாசிபிஏ என்ற மரபணுக் கூட்டம் இருந்தது. அது செய்வது பிலை எனப்படும் நுண்ணிய மயிரிழைகளை. பாக்டீரியாவின் உடலிலிருந்து ஒரு மைக்ரோமீட்டர் நீளம்வரை நீட்டிக்கொண்டிருக்கும் இந்த இழைகளில் ஸ்பாசி என்ற புரதம் இருக்கிறது. குடலின் சளிப்படலத்தைப் பற்றுவது அந்தப் புரதம்தான். எல்சி705-க்கு இந்த இழை இல்லை, பிடிப்பும் மிகக் குறைவு. திரிபின் பெயரை நான் ஏன் இத்தனை வலியுறுத்துகிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். இன்னும் ஒரு படி மேலே: கடைப் பொருள்கள் சிலவற்றிலிருந்து பிரித்தெடுத்த எல்ஜிஜி செல்களிலேயே இந்த மரபணுக்கள் தொலைந்துபோயிருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். பாலில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும்போது அங்கே சளிப்படலம் இல்லை, பற்றிக்கொள்ளத் தேவையும் இல்லை; பயன்படாத சுமையைப் பாக்டீரியா உதறிவிடுகிறது.

சரி, பற்றிக்கொண்டு என்ன செய்கிறது? ஒன்று, லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்கில் அமிலத்தன்மையைக் கூட்டினால் சில நோய்க்கிருமிகளுக்கு அந்த இடம் வாழத் தகாததாகிறது. முழுப் பெருங்குடலின் அமிலத்தன்மையையே இது மாற்றிவிடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறகு அந்த லாக்டிக் அமிலமும் வீணாவதில்லை. குடலில் நிரந்தரமாக வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் அதை உண்டு பியூட்டிரேட்டாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. எல்ஜிஜி இரண்டு புரதங்களை வெளிவிடுகிறது: பி40, பி75. ஆய்வுக்கூடத்தில் குடல் செல்களின் மீது அழற்சியூட்டும் பொருள்களை ஊற்றினால் அவை தாமாகவே மடியத் தொடங்கும். இந்தப் புரதங்களை முன்பே சேர்த்திருந்தால், செல்லின் மேற்பரப்பில் உள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பி தூண்டப்பட்டு, அந்த மடிவு குறைகிறது. செல்களுக்கிடையே உள்ள இறுக்கமான இணைப்புகளும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன. இங்கே வேலை செய்வது பாக்டீரியா வெளிவிட்ட புரதம். பாக்டீரியா அங்கே குடும்பம் நடத்த வேண்டிய அவசியமில்லை. இதெல்லாம் பெரும்பாலும் செல் வளர்ப்பிலும் எலியிலும் பார்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதக் குடலில் இவற்றுள் எது எத்தனை பங்கு ஆற்றுகிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

சந்தேகப்பேர்வழி:

இந்த மாதிரி விளக்கம் எனக்குப் போதும். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் 'குடலை மீட்க' என்று மாதக்கணக்கில் புரோபயாடிக் விழுங்குபவர்களைப் பற்றி? 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 'செல்' என்ற அறிவியல் இதழில் எழுதியது நினைவிருக்கிறதா? ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் ஒரு பிரிவுக்கு 11 திரிபுகள் கலந்த புரோபயாடிக் கொடுத்தார்கள். ஒன்றும் கொடுக்காத பிரிவின் பூர்வீகக் குடல் பாக்டீரியாக்கள் விரைவில் மீண்டன. புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு ஐந்து மாதம் கழித்தும் பழைய நிலை திரும்பவில்லை.

நுண்ணோக்கி:

நினைவிருக்கிறது. பங்கேற்றவர்கள் 21 பேர்தான், கொடுத்ததும் கலவை. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய முடிவு அல்ல. வயிற்றுப்போக்கைத் தடுப்பதும் பூர்வீகப் பாக்டீரியாக்களை மீட்பதும் ஒன்றல்ல. முதலாவதற்குச் சான்று உண்டு, இரண்டாவதற்கு இல்லை. ஆகவே மலர்க்கொடி, காலமெல்லாம் கொடுக்க வேண்டாம்.

வெள்ளைக்கோட்டு:

இனி மாமனார் விஷயம். நுண்ணோக்கி வேண்டாம் என்றது மிகையான பயம் அல்ல.

முதலில் மறுபக்கம்: ஃபின்லாந்தில் 1990-ல் எல்ஜிஜி சேர்த்த பால்பொருள்கள் சந்தைக்கு வந்து பயன்பாடு மளமளவென்று ஏறியது. அடுத்த பத்தாண்டில் லாக்டோபேசில்லஸால் வரும் ரத்தத் தொற்று அங்கே கூடவில்லை. ஆரோக்கியமானவர்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை.

ஆனால் ரத்தக்குழாய்க்குள் குழாய் பொருத்தியவர்கள் வேறு கணக்கு. பாஸ்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், எல்ஜிஜி கொடுக்கப்பட்ட 522 பேரில் ஆறு பேருக்கு லாக்டோபேசில்லஸ் ரத்தத் தொற்று வந்தது. கொடுக்கப்படாத 21,652 பேரில் இரண்டு பேருக்குத்தான். ரத்தத்தில் கிடைத்த பாக்டீரியாவின் மரபணுவையும் மாத்திரையில் இருந்ததன் மரபணுவையும் ஒப்பிட்டார்கள், அதே திரிபு. 2019-ல் வெளியான ஆய்வு இது. 2021-ல் இன்னொன்று: செயற்கைச் சுவாசத்தில் இருந்த 2,650 பேரிடம் எல்ஜிஜி நிமோனியாவைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை: எல்ஜிஜி எடுத்தவர்களில் 21.9 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 21.3 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. ஆனால் ரத்தம் போன்ற, கிருமியே இருக்கக் கூடாத இடங்களிலோ, மற்ற இடங்களில் முதன்மைக் கிருமியாகவோ அந்தப் பாக்டீரியா எல்ஜிஜி எடுத்தவர்களில் 15 பேரிடம் கிடைத்தது, எடுக்காதவர்களில் ஒருவரிடம்.

கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்து, குடல் சுவரும் புண்ணாகி, மார்பில் போர்ட்டும் இருப்பவருக்கு 'எதிர்ப்புச் சக்திக்காக' என்று இதைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதோடு, பாக்கெட்டைக் கிழிக்கும்போது பொடி பறக்கும். அவர் பக்கத்தில் வைத்துக் கிழிக்காதீர்கள். மகனுக்குக் கரைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அவருடைய போர்ட்டையோ அதன் மேல் உள்ள கட்டுத்துணியையோ தொடுங்கள். குறைமாதக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவமனையில் உள்ள குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பதைப் பற்றி அமெரிக்க எஃப்டிஏ (உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) 2023-ல் எச்சரிக்கை விடுத்தது.

மலர்க்கொடி:

மாமனாரிடம் சொல்லிவிட்டேன். "பேரனுக்கு நல்லது எனக்கு ஆகாதா?" என்று சற்று முகம் சுளித்தார். கிழவருக்கு மருத்துவரைவிட மருமகளிடம்தான் கோபித்துக்கொள்ள வரும். பாக்கெட்டைக் கைப்பையில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த முறை போகும்போது அவருடைய டாக்டரே சொல்லட்டும்.

என் முதல் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. ஆன்டிபயாடிக் அதையும் கொன்றுவிடாதா?

மாத்திரைப்பெட்டி:

மருந்துக்கடையில் தினமும் கேட்கும் கேள்வி, அதனால் நான் சொல்கிறேன். ஆம், கொல்லும். எல்ஜிஜி, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இயல்பாகவே அசையாது. ஆனால் உங்கள் மகன் குடிக்கும் அமாக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகைக்கு மடியும். அதனால்தான் இரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடச் சொல்கிறோம். காலையில் எட்டு மணிக்குச் சிரப் என்றால் பொடியைப் பத்து மணிக்கு மேல் கொடுங்கள். பௌலார்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அது ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது.

ஆன்டிபயாடிக் தொடங்கும் நாளிலேயே தொடங்குங்கள். வயிறு கெட்ட பிறகு தேடி வருபவர்களே அதிகம். சிரப் முடியும்வரை தொடர்ந்தால் போதும், சில மருத்துவர்கள் பிறகும் சில நாள் நீட்டிப்பார்கள். பொடியால் முதல் ஓரிரு நாள் வாயு கூடலாம். மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பொடியை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பாக்கெட்டில் இன்னொன்றைப் பாருங்கள்: 500 கோடி என்பது தயாரித்த நாளின் எண்ணிக்கையா, காலாவதி நாள்வரை இருக்கும் என்று உறுதியளித்த எண்ணிக்கையா? முதலாவது என்றால், அலமாரியில் கிடந்த மாதங்களில் எத்தனை மடிந்தன என்று யாருக்கும் தெரியாது.

மலர்க்கொடி:

'காலாவதிவரை' என்றுதான் போட்டிருக்கிறது. வெதுவெதுப்பான பாலில் கலந்து கொடுக்கலாமா? தண்ணீரில் கொடுத்தால் துப்பிவிடுகிறான்.

மாத்திரைப்பெட்டி:

பாலில் கலக்கலாம், ஆனால் ஆறிய பாலில். விரலை வைத்தால் சூடு தெரியக் கூடாது. கலந்த உடனே குடிக்கச் சொல்லுங்கள். பாதி குடித்துவிட்டு விளையாடப் போனால் மீதியை எடுத்து வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கிழித்த பாக்கெட்டை மடித்து நாளைக்கு என்று வைக்கவும் வேண்டாம். ஈரம் பட்டால் உறங்கிக்கொண்டிருக்கும் பாக்டீரியா விழித்து, உண்ண எதுவுமில்லாமல் அங்கேயே செத்துவிடும்.